ஐந்து லிட்டர் தண்ணீர், இரண்டு இன்ஜின்கள்: எரிபொருள் குழாயில் ஒட்டிய பனிக்கட்டி

2008 ஜனவரி 17ஆம் தேதி மதியம், பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 38 விமானம் லண்டன் ஹீத்ரோவின் ஓடுபாதையை எட்டவில்லை. சுமார் 330 மீட்டர் முன்னாலேயே புல்தரையில் மோதி இறங்கியது. போயிங் 777 ரகம். உள்ளே 136 பயணிகளும் 16 ஊழியர்களும் இருந்தார்கள். ஒரு பயணிக்குக் கால் முறிந்தது, பலருக்குச் சிறு காயங்கள். யாரும் சாகவில்லை. ஆனால் விமானம் மறுபடி பறக்கவில்லை. 777 ரகத்தில் ஒரு விமானம் அப்படி முழுதாக இழக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

இன்ஜின்கள் இரண்டும் அணையவில்லை. தொட்டிகளில் பத்து டன்னுக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்தது. இன்ஜின்களைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் சரியான கட்டளையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்ட அளவு எரிபொருள் இன்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. வழியை அடைத்தது பனிக்கட்டி. இறக்கைமேல் படியும் வழக்கமான பனிக்கட்டி இல்லை இது. எரிபொருள் குழாய்க்குள்ளேயே மணிக்கணக்கில் சேர்ந்து, ஒரே நேரத்தில் பெயர்ந்து வந்து, வேலை முடிந்ததும் உருகிக் காணாமல் போன பனிக்கட்டி.

குளிர் கூடக்கூடப் பனிக்கட்டியால் வரும் ஆபத்தும் கூடும் என்பது நம் எல்லாருக்கும் இருக்கும் பொது எண்ணம். விமானத் துறையும் கிட்டத்தட்ட அதே எண்ணத்தில்தான் இருந்தது. இந்த விபத்து அதைத் திருப்பிப் போட்டது. பனிக்கட்டியைப் பிசுபிசுப்பாக்கியது கடுங்குளிர் இல்லை, மிதமான குளிர். இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுவே காரணம்.

பத்தரை மணி நேரப் பறப்பு

விமானம் கிளம்பும்போது அதில் ஏறக்குறைய 79 டன் எரிபொருள். பாதை மங்கோலியா, சைபீரியா, ஸ்காண்டிநேவியா வழியாக. அந்த உயரத்தில் அந்தக் குளிர்காலத்தில் வெளிக்காற்று மைனஸ் 65 முதல் மைனஸ் 74 டிகிரி வரை இருந்தது. துருவத்தை ஒட்டிய பாதைகளில் இப்படிக் குளிரடிப்பது புதிதல்ல. விமானிகளுக்கும் அது தெரியும். அதனால் எரிபொருளின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே வந்தார்கள். அது உறைநிலையை நெருங்கினால் கீழே, கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றுக்கு இறங்கிவிடலாம் என்பது திட்டம்.

இறங்க வேண்டிய தேவையே வரவில்லை. எரிபொருளின் வெப்பநிலை மிகக் குறைந்தபட்சமாக மைனஸ் 34 டிகிரிக்குத்தான் போனது. ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 வரை உறையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த விமானத்தில் இருந்த எரிபொருளைப் பின்னால் சோதித்தபோது அது மைனஸ் 57 வரை தாங்கும் என்று தெரிந்தது. ஆக, அந்தக் கணக்கில் தாராளமான இடைவெளி இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு எரிபொருள் உறைவதைப் பற்றியது மட்டும்தான். எரிபொருளுக்குள் இருந்த தண்ணீர் பல மணி நேரம் முன்பே உறைந்துவிட்டிருந்தது. அதைக் காட்டும் மானி எதுவும் காக்பிட்டில் கிடையாது.

இன்னொரு விஷயம் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. நீண்ட பயணங்களில் எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும், படிப்படியாக உயரம் ஏறும். அன்று அந்த ஏற்றங்கள் எல்லாம் மென்மையாக நடந்தன. இன்ஜின்கள் முழு மூச்சில் எரிபொருள் இழுக்க வேண்டிய தருணம், புறப்பட்ட பிறகு கடைசி வரை வரவேயில்லை. பயணிகளுக்குச் சொகுசு, எரிபொருளும் மிச்சம். ஆனால் குழாய்களுக்குள் ஓட்டம் மணிக்கணக்கில் மெதுவாகவே இருந்தது.

லண்டனை நெருங்கியதும் லாம்போர்ன் என்ற காத்திருப்புப் புள்ளிக்கு மேலே ஐந்து நிமிடம் சுற்றிக் காத்திருந்தார்கள். பிறகு இறங்க அனுமதி கிடைத்தது. வானிலை நன்றாக இருந்தது, எல்லாம் ஒழுங்காகப் போனது. கேப்டன் பீட்டர் பர்கில் துணை விமானி ஜான் கோவர்ட்டிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்தார். தரையிறங்க இரண்டு மைல்தான் பாக்கி. வேகத்தைத் தக்கவைக்கத் தானியங்கி அமைப்பு இன்ஜின்களிடம் கூடுதல் உந்துவிசை கேட்டது. இரண்டும் முதலில் கொடுத்தன. பிறகு 720 அடி உயரத்தில் வலது இன்ஜினின் உந்துவிசை தானாகக் குறைந்தது. ஏழு விநாடி கழித்து இடது இன்ஜினும் அதே போலக் குறைந்தது. கம்ப்யூட்டர் எரிபொருள் வால்வை முழுதாகத் திறந்தது. விமானிகளும் த்ராட்டிலை, அதாவது உந்துவிசை நெம்புகோலை, முன்னே தள்ளினார்கள். எதுவும் மாறவில்லை.

வேகம் குறைந்துகொண்டே வந்தது. பர்கில் இறக்கையின் பின் மடிப்புகளை 30 டிகிரியிலிருந்து 25க்கு உள்ளிழுத்தார். காற்றுத் தடை கொஞ்சம் குறைந்து விமானம் இன்னும் சில மீட்டர் மிதக்கட்டும் என்பதற்காக. 200 அடி உயரத்தில் வேகம் 108 நாட், அதாவது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர், ஆகிவிட்டது. 175 அடியில் தானியங்கிப் பறப்பு துண்டானது. விமானம் விமான நிலையத்தின் சுற்றுச்சாலையைத் தாண்டித் தரையில் விழுந்தது. மடிப்பை உள்ளிழுத்ததால் கிடைத்த தூரம் ஐம்பது மீட்டர் அளவுதான் என்று விசாரணை பின்னர் கணக்கிட்டது. அந்த ஐம்பது மீட்டர் இல்லையென்றால், தரையிறங்க வழிகாட்டும் ஆன்டெனாக்கள் மேலேயே மோதியிருக்கும், சேதம் இன்னும் கடுமையாகியிருக்கும். மற்ற எதுவும் கைகொடுக்காத அரை நிமிடத்தில் ஒரு மனிதர் எடுத்த முடிவு அது. அந்த விமானிகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தடயம் இல்லாத விபத்து

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு வேலையைத் தொடங்கியபோது சந்தேகப் பட்டியல் நீளமாக இருந்தது. பறவைகள், மென்பொருள் கோளாறு, மின்காந்தக் குறுக்கீடு, கெட்டுப்போன எரிபொருள், பம்ப் பழுது. ஒவ்வொன்றாக விலக்கினார்கள். பறப்புப் பதிவுக் கருவி தெளிவாகப் பேசியது: கட்டளை சரி, வால்வு திறந்தது சரி, எரிபொருள் ஓட்டம் மட்டும் போதவில்லை. எரிபொருள் மாதிரிகள் தரமாக இருந்தன. அதில் இருந்த தண்ணீரும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிகக் கீழே.

உருப்படியான தடயம் என்று கிடைத்தது ஒன்றே ஒன்று. இரண்டு இன்ஜின்களின் உயர் அழுத்த எரிபொருள் பம்புகளிலும், எரிபொருள் வெளியேறும் பக்கத்தில், உலோகம் புதிதாக அரிக்கப்பட்டிருந்தது. பம்புக்கு வரும் திரவம் போதாமல் போனால் உள்ளே அழுத்தம் விழும், திரவத்தில் நுண்ணிய ஆவிக் குமிழ்கள் தோன்றும். அவை அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் படீரென்று உடைந்து, பக்கத்தில் இருக்கும் உலோகத்தைக் கொத்தி எடுக்கும். இரண்டு பம்புகளிலும் ஒரே மாதிரி, ஒரே வயதுக் காயம். அப்படியென்றால் பம்புக்கு முன்னாலேயே, குழாயில் எங்கோ, அடைப்பு இருந்திருக்கிறது. ஆனால் குழாயைத் திறந்து பார்த்தால் அடைப்பு எதுவும் இல்லை.

ஒரு இன்ஜினில் அடைப்பு என்றால் தற்செயல் எனலாம். இரண்டிலும் ஏழு விநாடி இடைவெளியில் வந்தால்? இரண்டு இன்ஜின் வைப்பதன் நியாயமே, ஒன்றுக்கு வரும் கோளாறு மற்றதுக்கு வராது என்பதுதான். இங்கே இரண்டும் ஒரே இடத்தில் ஏற்றிய எரிபொருளைக் குடித்தன, ஒரே குளிரில் ஒரே நேரம் ஊறின, ஒரே கட்டளையை ஒரே நொடியில் பெற்றன. இயந்திரங்கள் தனித்தனி, அவற்றின் கடந்தகாலம் ஒன்று. இரண்டு இருந்தால் பாதுகாப்பு என்று நாம் நம்பும் எந்த அமைப்பிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எரிபொருளில் தண்ணீர் எப்படி வந்தது?

யாரும் ஊற்றவில்லை. எந்த ஜெட் எரிபொருளிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தே தீரும். ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். ஒரு பகுதி நுண்துளிகளாகக் கலந்து மிதக்கும். மீதி தொட்டியின் அடியில் தனியாகத் தங்கும். அடியில் தங்குவதை அவ்வப்போது வடித்துவிடுவார்கள். கரைந்ததை வடிக்க முடியாது. காற்று குளிர்ந்தால் ஈரம் பனித்துளியாக வெளியேறுவது போலவே, எரிபொருள் குளிரக் குளிர அது தாங்கும் தண்ணீரின் அளவு குறையும். மிச்சம் துளியாகப் பிரிந்து வரும்.

பெய்ஜிங்கில் ஏற்றிய எரிபொருளில் கரைந்த தண்ணீர் அதிகபட்சம் 3 லிட்டர், கரையாத தண்ணீர் அதிகபட்சம் 2 லிட்டர் இருந்திருக்கும் என்று விசாரணை மதிப்பிட்டது. 79 டன்னில் ஐந்து லிட்டர். இது முற்றிலும் சாதாரண அளவு. அன்று உலகம் முழுக்கப் பறந்த விமானங்களில் இதைவிட அதிகத் தண்ணீரோடு போனவையும் இருந்திருக்கும்.

இங்கே பனிக்கட்டியின் ஒரு விசித்திரமும் வேலை செய்கிறது. தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கும், ஏனென்றால் அதன் அடர்த்தி லிட்டருக்கு 917 கிராம்தான். ஏரி மேலிருந்து உறைவதும், அடியில் மீன்கள் உயிரோடு இருப்பதும் இந்த ஒரு குணத்தால்தான். ஆனால் ஜெட் எரிபொருளின் அடர்த்தி சாதாரண வெப்பநிலையில் 800 கிராமை ஒட்டியது. அதில் பனிக்கட்டி மூழ்கும். பெரிய கட்டி என்றால் அடிக்குப் போய் அங்கேயே கிடக்கும், பாதகமில்லை. நுண்படிகங்கள் என்றால் மூழ்கவும் நேரமாகும், மிதக்கவும் முடியாது. ஓடும் எரிபொருளோடு சேர்ந்து அலைந்துகொண்டே இருக்கும். குழாய்க்குள் போவது அவைதான்.

மைனஸ் பத்து டிகிரி என்பது பனிக்கட்டிக்குக் குளிரே இல்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மொத்த விபத்தின் சாவியும் இங்கேதான் இருக்கிறது.

வெப்பநிலையைச் சாத்தியமான மிகக் கடைசிக் குளிரிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில், பனிக்கட்டி உருகும் புள்ளி 273. மைனஸ் 10 டிகிரி என்பது 263 கெல்வின். அதாவது உருகுநிலையில் 96 சதவீதம். இரும்பை அதன் உருகுநிலையின் அதே 96 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் அது சுமார் 1,470 டிகிரி செல்சியஸில் வெண்மையாகத் தகித்துக்கொண்டிருக்கும். தட்டினால் வளையும், அழுத்தினால் ஒட்டும். பனிக்கட்டியை உறைந்து இறுகிய, அசைவற்ற பொருளாக நம் கை உணர்ந்தாலும், அதன் மூலக்கூறுகளின் கணக்கில் அது எப்போதும் உருகும் விளிம்பிலேயே நிற்கிறது. பூமியில் இயற்கையாகக் காணும் பனிக்கட்டி எல்லாமே இப்படித்தான். பனியாறுகள் மலைச்சரிவில் வழிந்து ஓடுவதும் இதனால்தான்.

மேற்பரப்பில் நிலைமை இன்னும் தளர்வு. உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாப் பக்கமும் அண்டை மூலக்கூறுகள் பிடித்து வைத்திருக்கும். மேற்பரப்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் பிடியே கிடையாது. அதனால் உருகுநிலைக்குக் கீழேயே பனிக்கட்டியின் மேல் ஒரு மெல்லிய படலம், நானோமீட்டர் கணக்கில், பாதி திரவம் போல நடமாடும். 1850இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், உருகும் நிலையில் இருந்த இரண்டு பனிக்கட்டித் துண்டுகளைத் தொடவைத்து, அவை ஒன்றாக உறைந்துவிடுவதைக் காட்டினார். மேற்பரப்பில் ஒரு திரவப் படலம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பனிக்கட்டி சூழ்ந்தவுடன் அது உறைகிறது என்பது அவர் விளக்கம். அழுத்தத்தால் உருகித்தான் ஒட்டுகிறது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். ஆனால் மைனஸ் 10 டிகிரியில் பனிக்கட்டியை அழுத்தத்தால் மட்டும் உருக்க வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். ஃபாரடே சொன்ன படலத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

இந்தப் படலத்தின் தடிமன் வெப்பநிலையோடு மாறும். சறுக்கு விளையாட்டுக்கு மைனஸ் 7 டிகிரியை ஒட்டிய பனித்தரைதான் மிக வழுக்கலாக இருக்கும். அதைவிட மிகக் குளிர்ந்தால் மேற்பரப்பு இறுகி உரசல் கூடும், மைனஸ் 30க்குக் கீழே சறுக்குவண்டிகள் மணலில் இழுபடுவது போலத் திணறும். மேகத்துக்குள்ளும் அப்படியே. உறைநிலையை ஒட்டிய காற்றில் பனிச் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய கொத்துகளாக விழும். மிகக் குளிர்ந்த காற்றில் அவை ஒட்டாமல் தனித்தனித் துகளாகவே இறங்கும். கையில் பனியுருண்டை பிடிக்க முயன்றவர்களுக்கும் தெரியும்: இளங்குளிரில் பிடித்த பிடிக்கு நிற்கும், கடுங்குளிரில் மாவாக உதிரும்.

சரி, எரிபொருளுக்குத் திரும்புவோம். மைனஸ் 1 முதல் மைனஸ் 3 டிகிரிவாக்கில் எரிபொருளில் உள்ள தண்ணீர் படிகமாகத் தொடங்கும். அந்தப் படிகங்கள் பெரும்பாலும் அலைந்தபடியே போய்விடும். மைனஸ் 9 முதல் மைனஸ் 11 டிகிரி வரும்போது அவை சுற்றியுள்ள பரப்புகளில் ஒட்ட ஆரம்பிக்கும். மைனஸ் 18ஐ நெருங்கும்போது ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். இதெல்லாம் விமானத் துறைக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்கும் கீழே என்ன நடக்கிறது என்று பெரிதாக யாரும் பார்க்கவில்லை. ஒட்டிய பனிக்கட்டி ஒரே மூச்சில் பெயர்ந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்கவில்லை.

சியாட்டிலில் குழாய்ச் சோதனை

போயிங் நிறுவனம் சியாட்டிலில் 777இன் எரிபொருள் குழாய்களையே வைத்துச் சோதனை அமைப்பு ஒன்றைக் கட்டியது. குளிர்ந்த எரிபொருளில் அளந்து தண்ணீர் கலந்து, வெவ்வேறு வெப்பநிலையில், வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள்.

கண்டது இது. எரிபொருள் மைனஸ் 5 முதல் மைனஸ் 20 டிகிரிக்குள் இருக்கும்போது, ஓட்டமும் மெதுவாக இருந்தால், குழாயின் உள்சுவரில் பனிக்கட்டி நன்றாகப் படிகிறது. இதை விசாரணை அறிக்கை ஒட்டும் வெப்பநிலை வரம்பு என்ற பொருளில் குறிப்பிடுகிறது. மைனஸ் 35ஐ ஒட்டி அதே தண்ணீர், அதே குழாய், ஆனால் படிவது மிகக் குறைவு. படிகங்கள் காய்ந்த துகள்களாகக் கடந்து போய்விடுகின்றன. படிந்தது மென்மையான பனிக்கட்டி. ஓட்டத்தை அதிகப்படுத்தினால் அது சுவரைவிட்டுப் பெயர்ந்து மொத்தமாக முன்னே போகிறது. எவ்வளவு படியும், எப்போது பெயரும் என்பது சோதனைக்குச் சோதனை மாறியது. இந்தத் தற்செயல்தன்மை விசாரணையாளர்களைப் படாதபாடு படுத்தியிருக்க வேண்டும்.

பறப்பில் தொட்டியின் எரிபொருள் மைனஸ் 34 வரை போனாலும், குழாய் வழி முழுக்க அதே வெப்பநிலை இருக்காது. இறக்கையையும் இன்ஜினையும் இணைக்கும் தாங்கிக்குள் போகும் குழாய்ப் பகுதி போன்ற சில இடங்களில் அது நீண்ட நேரம் அந்த ஒட்டும் வரம்புக்குள் இருந்திருக்கிறது. ஓட்டமோ மெதுவானது. ஐந்து லிட்டரில் ஒரு சிறு பங்கு அங்கே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உட்கார்ந்தது.

பெயர்ந்து வந்த பனிக்கட்டி அடுத்துச் சந்தித்தது ஒரு வெப்பமாற்றியை. இன்ஜினின் சூடான எண்ணெயைக் குளிர்விக்கவும் குளிர்ந்த எரிபொருளைச் சூடாக்கவும் ஒரே சாதனம். ஒரு உருளைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய உலோகக் குழாய்கள், குழாய்களுக்குள் எரிபொருள், வெளியே எண்ணெய். எரிபொருளில் வரும் பனித்துகள்களை உருக்குவதும் இதன் வேலைதான். துகள்துகளாக வந்தால் உருக்கிவிடும். மொத்தமாக வந்ததால் மாட்டிக்கொண்டது.

காரணம் ஒரு சின்ன வடிவமைப்பு விவரம். இந்த ரோல்ஸ்-ராய்ஸ் ட்ரென்ட் 800 வகை இன்ஜின்களின் வெப்பமாற்றியில் அந்த மெல்லிய குழாய்களின் வாய்கள் முகப்புத் தகட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தன. தகடு சூடாக இருந்தாலும் நீட்டிய நுனிகள் குளிர்ந்த எரிபொருளில் நனைந்து குளிர்ந்தே இருக்கும். மென்பனி வந்து அந்த வாய்களின்மேல் பாலம் போல் படர்ந்து நின்றுவிட்டது. அடைக்க எவ்வளவு வேண்டும் என்று சோதித்தார்கள். மிகச் செறிவாக ஒரே இடத்தில் சேர்த்து விட்டால், 25 மில்லிலிட்டர் தண்ணீர் உறைந்து உருவாகும் பனிக்கட்டியே ஓட்டத்தைக் கட்டுப்படுத்தப் போதுமாக இருந்தது. நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு விமானத்துக்கு எதிராக ஒரு இருமல் மருந்துப் புட்டியில் பாதிகூட நிறையாத தண்ணீர்.

இதில் என்னை மிகவும் உலுக்கியது அடுத்த கண்டுபிடிப்பு. அடைத்த பனிக்கட்டியை விடுவிக்க எளிய வழி இருக்கிறது: எரிபொருள் ஓட்டத்தைக் குறைப்பது. ஓட்டம் குறைந்தால் குளிர்ந்த எரிபொருள் வருவது குறையும், வெப்பமாற்றியின் முகப்பு சூடேறும், சில விநாடிகளில் பனிக்கட்டி உருகி வழி திறக்கும். ஓட்டத்தை அதிகமாகக் கேட்டால் முகப்பு மேலும் குளிர்ந்து பனிக்கட்டி அப்படியே நிற்கும். அன்று கம்ப்யூட்டரும் மனிதர்களும் செய்தது இரண்டாவது. வேறென்ன செய்வார்கள்? 720 அடியில், வேகம் விழுந்துகொண்டிருக்கும்போது, இன்ஜினைத் தணிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? தோன்றினாலும் அதற்கான உயரம் இல்லை.

அமெரிக்க வானில் இரண்டாவது நிகழ்வு

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, 2008 நவம்பர் 26ஆம் தேதி, ஷாங்காயிலிருந்து அட்லாண்டாவுக்குப் போன டெல்டா 18 விமானத்தில் அதே நிகழ்வு திரும்ப வந்தது. அதுவும் 777தான், அதே வகை இன்ஜின். மொன்டானா மாநிலத்துக்கு மேலே பறக்கும் உயரத்தில் வலது இன்ஜினின் உந்துவிசை தானாகக் குறைந்தது. ஆனால் இப்போது விமானிகள் கையில் புதிய வழிமுறை இருந்தது. அந்த இன்ஜினை ஓய்வு நிலைக்கு, அதாவது அணைக்காமல் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும் நிலைக்கு, தணித்தார்கள். இன்ஜின் மீண்டது. விமானம் பத்திரமாக அட்லாண்டா போய் இறங்கியது. சோதனைக் கூடத்தில் கண்டது வானத்திலும் உண்மை என்று இது காட்டியது. ஒரு இன்ஜினுக்கு மட்டும் நடந்ததால், இது ஹீத்ரோவின் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் இல்லை, வெப்பமாற்றியின் குணம் என்பதும் உறுதியானது.

பல்லாயிரக்கணக்கான பழைய பறப்புகளின் பதிவுகளையும் அலசினார்கள். மிகக் குளிர்ந்த பறப்புகள் ஏராளம் இருந்தன. குறைந்த ஓட்டத்தோடு நீண்ட நேரம் போனவையும் இருந்தன. இறங்கும்போது திடீரென்று அதிக எரிபொருள் கேட்டவையும் இருந்தன. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் ஒன்றும் ஆகாது. எரிபொருள் இன்னும் மைனஸ் 10க்குக் கீழே இருக்கும்போதே எல்லாம் சேர்ந்து வருவதுதான் அபூர்வம். 38ஆம் எண் பறப்பில் அந்தச் சேர்க்கை இருந்தது.

2010 பிப்ரவரியில் வந்த இறுதி அறிக்கை கவனமான மொழியில் எழுதப்பட்டது. பனிக்கட்டியை யாரும் நேரில் பார்க்கவில்லை என்பதால், இவை பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கக்கூடியவை என்றே வரிசைப்படுத்தியது. அதில் ஒரு வரி முக்கியம்: இந்த நிகழ்வின் ஆபத்து அப்போது அறியப்படாததால், விமானமும் இன்ஜினும் நிறைவேற்ற வேண்டிய சான்றிதழ் விதிகளில் அது கணக்கில் எடுக்கப்படவில்லை. அதாவது வெப்பமாற்றி விதிக்கு உட்பட்டதாகவே இருந்தது. விதிதான் பனிக்கட்டியை முழுதாக அறிந்திருக்கவில்லை.

என்ன மாற்றினார்கள்

முதலில் வந்தது நடைமுறை மாற்றம். இந்த வகை இன்ஜின்களோடு நீண்ட நேரம் குளிரில் பறந்தால், இறங்கத் தொடங்கும் முன், உயரம் தாராளமாக இருக்கும்போதே, இன்ஜினை ஒருமுறை முழு உந்துவிசைக்குக் கொண்டுபோய்க் குழாயில் படிந்திருப்பதைக் கழுவிவிட வேண்டும். கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும்போதே பெயர்த்துவிட்டால் வெப்பமாற்றி அதை உருக்கிவிடும். அதையும் மீறி உந்துவிசை குறைந்தால் ஓய்வு நிலைக்குத் தணிக்க வேண்டும். இது இடைக்கால ஏற்பாடுதான். மனிதர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய எந்தப் பாதுகாப்பும் வலுவானதல்ல. டெல்டா நிகழ்வே அதற்குச் சாட்சி, நடைமுறை வந்த பிறகும் பனிக்கட்டி சேரத்தான் செய்தது.

எரிபொருளில் உறைதடுப்பு மருந்து கலக்கலாமே என்ற கேள்வி இயல்பாக வரும். ராணுவ விமானங்களில் கலக்கிறார்கள். 1958இல் எரிபொருளில் உருவான பனிக்கட்டியால் அமெரிக்க விமானப்படையின் ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் விழுந்த பிறகு தொடங்கிய வழக்கம் அது. அந்த மருந்து பிரிந்துவரும் தண்ணீரில் கரைந்து அதன் உறைநிலையைத் தாழ்த்திவிடும். பெரிய பயணிகள் விமானங்களில் பொதுவாக அது பயன்படுவதில்லை. ஒவ்வொரு விமான நிலையத்திலும் கலப்பது, அளவைக் கண்காணிப்பது எல்லாம் பெரிய ஏற்பாடு. அதோடு ஒப்பிட்டால் ஒரு உதிரிபாகத்தை மாற்றுவது எளிது, நம்பகமும் கூட. அந்த முடிவு சரி என்றே எனக்குப் படுகிறது.

ரோல்ஸ்-ராய்ஸ் வெப்பமாற்றியைத் திருத்தியது. நீட்டிக்கொண்டிருந்த குழாய் வாய்கள் முகப்புத் தகட்டோடு சமமாக்கப்பட்டன. இப்போது பனிக்கட்டி வந்து உட்கார்ந்தால் சூடான தகட்டின்மேலேயே உட்காரும், உட்கார்ந்த இடத்திலேயே உருகும். ட்ரென்ட் 800 பொருத்திய 777கள் அனைத்திலும் இந்த மாற்றத்தைச் செய்ய விமானப் பாதுகாப்பு அமைப்புகள் காலக்கெடுவோடு உத்தரவிட்டன. எரிபொருளுக்குள் பனிக்கட்டி எப்படி உருவாகிறது, எப்படிப் பெயர்கிறது என்று தனியாக ஆராய வேண்டும், அதையொட்டிச் சான்றிதழ் விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் விசாரணைப் பிரிவு பரிந்துரைத்தது. தண்ணீரின் அளவையோ பறக்கும் பாதையையோ யாரும் மாற்றவில்லை. குளிர்காலத்தில் சைபீரியாவுக்கு மேலே பறக்கும் விமானங்களின் குழாய்களில் படிகங்கள் இன்றும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன.